கித்தேரியின் உமிச்சட்டி

கஸ்பார் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, புன்னைத்துறைக் கடற்கரையில் ஐந்து ஐஸ் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எடையில் ஒரு கட்டியைப் போட்டு மூடி, காலைப் பூசை மணியிலிருந்து மாலை மணிவரை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லி வெயிலில் விட்டார்கள். எங்கள் ஊரில் பெட்டி வாங்குகிற முறை இதுதான். பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுகிறவர்கள், பெட்டி விஷயத்தில் ஒரு பகல் முழுக்க மணலில் குந்தியிருப்பார்கள். ஒருவர் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், ஒருவர் மூடியின் ரப்பர் பட்டையை முகர்ந்து பார்ப்பார், ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார், தண்ணீர் போகிற ஓட்டை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேர் பேச்சை முறித்துக்கொள்வார்கள். வைகாசி வெயிலில் கடலுக்குப் போகிறவனுக்கு ஐஸ்தான் நாள்காட்டி. அது இருக்கும்வரை மீன் மீனாக இருக்கும், அது போய்விட்டால் பிடித்ததெல்லாம் கருவாட்டுக்குக்கூட ஆகாது.

மாலை மணி அடித்ததும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆசாரி செய்த, உள்ளே தகரம் அடித்த பலகைப் பெட்டியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஒரு சோப்புக் கட்டி அளவு மிச்சம். நீலப் பெட்டிகள் இரண்டிலும் கட்டி பாதியாகியிருந்தது. ஐந்தாவது, ஆள் நீளத்துக்கு இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி. கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருந்ததால் எங்கே செய்தது என்று விற்க வந்தவனுக்கே தெரியவில்லை. அதைத் திறந்தபோது கட்டியின் முனைகள் காலையில் வைத்தபடி கூராகவே இருந்தன.

கஸ்பார் வாய் ஓயாத மனிதர், சொந்தப் படகு வைத்திருந்தவர், ஐம்பத்திரண்டு வயதிலும் விளையாட்டுப் போகாதவர். கட்டியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குள் ஏறி, கைகளை மார்பில் கோத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

"நல்லா குளுகுளுன்னு கெடக்கு கித்தேரி. வீட்டவிட இங்கதாம் வசதி" என்றார் மனைவியைப் பார்த்து.

"எந்திரிச்சி வாங்க. வெளையாட்டுக்கும் ஒரு அளவு வேணும்" என்றாள் கித்தேரி.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கித்தேரியின் தம்பி ரெமிஜியுஸ். அவன்தான் கஸ்பாரின் படகில் இரண்டாவது ஆள். தாய் செத்த வீட்டில் அக்கா இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை, முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன், கஸ்பார் தம்பதிக்குக் குழந்தை இல்லாததால் அந்த வீட்டுக்கு மகனும் அவன்தான். "மச்சான் எத்தன நாளு தாங்குவாருன்னு பாப்போம்" என்று சொல்லி மூடியைப் போட்டு, மூன்று எண்ணிவிட்டுத் திறந்தான். கஸ்பார் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். வெள்ளைப் பெட்டியை வாங்கினார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். படகு புறப்படும் விடியலில், பெட்டிக்குப் போகிற கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் கடலில் இறங்குவார்கள். அவள் அதை ஒரு சட்டியில் நெல் உமிக்குள் புதைத்து, சாக்கைச் சுற்றி, அடுப்பங்கரையின் இருட்டு மூலையில் வைப்பாள். எவ்வளவு உமி, எத்தனை சுற்றுச் சாக்கு என்பது மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, பெட்டி மாறினால் அளவும் மாறும். துண்டு கரைந்து உமி நனைந்தால், அங்கே பெட்டியிலும் ஐஸ் முடிகிறது, படகு வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் அவள் அவனுக்காக அடுப்பை மூட்டி உலை வைப்பாள். உமி நனைவதற்கு முன்னால் உலை வைக்கக் கூடாது, அது கடலில் இருக்கிறவனை அவசரப்படுத்துவது. கித்தேரி ஒரே சட்டியில் புருஷனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு துண்டு வைப்பாள்.

பெட்டி வாங்கி ஒரு வாரம் கழிந்த திங்கள் விடியலில் கஸ்பாரும் ரெமியும் தொம்மை என்கிற பக்கத்துத் தெருக்காரனும் புறப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரையில் கோயில் மணி அடிக்கிற நேரம், வலையை இழுத்துக்கொண்டிருந்த கஸ்பார் கயிற்றை விட்டுவிட்டு, "ஏல ரெமி, கொஞ்சம் தண்ணி தா" என்றார். ரெமி கேனைச் சாய்த்துத் தம்ளரில் பிடித்துத் திரும்புவதற்குள் உயிர் போய்விட்டது. அதே நேரத்தில்தான், அந்த வருஷம் முழுக்கக் கண்ணில் படாத சீலா மீன், வெளியூர்க்காரர்கள் வஞ்சிரம் என்கிறார்களே அது, கூட்டம் கூட்டமாக வந்து படகைச் சுற்றி நின்றது.

கடலில் ஆள் தவறினால் வலையை அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் துறையின் முறை. அதில் பேச்சுக்கே இடமில்லை. தொம்மை கத்தியைக்கூட எடுத்துவிட்டான். ரெமி தண்ணீரைப் பார்த்தான், மீனின் முதுகுகள் வெயிலில் மின்னுவதைப் பார்த்தான், மச்சானின் முகத்தைப் பார்த்தான், பிறகு வெள்ளைப் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"ஐஸ் இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றான்.

கஸ்பாரை ஒரு போர்வையில் சுற்றி வெள்ளைப் பெட்டிக்குள் ஐஸ் மேல் கிடத்தினார்கள். மீனைப் பழைய பெட்டிகளில் போட்டார்கள். மச்சானே இருந்திருந்தாலும் இந்த மீனை விட்டுவிட்டு வரச் சொல்ல மாட்டார் என்று ரெமி இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொன்னான், தொம்மை பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுத்தான். வியாழக்கிழமை பிற்பகல், கொடிக்கம்பில் செத்தவரின் சட்டையைக் கட்டிக்கொண்டு படகு வந்தது. இன்று காலைதான் போனார் என்று ரெமி சொன்னான். உடம்பும் இன்று காலை போன உடம்பாகவே இருந்ததால் நாங்கள் நம்பினோம்.

கித்தேரியும் நம்பினாள். அவளுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. முந்தின நாள், புதன்கிழமை, பக்கத்து ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அவள் போயிருந்தாள். தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, பச்சைப் பட்டுச் சேலை கட்டி, யாரோ சொன்ன எதற்கோ வாய் விட்டுச் சிரித்த நேரத்தில் போட்டோக்காரன் எடுத்த படம் ஒன்று பிறகு அவளுக்குக் கிடைத்தது. தாலியோடும் பூவோடும் தான் இருந்த கடைசி நாள் என்று அதைச் சட்டம் போட்டு அடுப்பங்கரைச் சுவரில் மாட்டினாள். அழுது முடித்த பிறகெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. மரச் சிலுவையில் வியாழக்கிழமைத் தேதியை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து ரெமி பெட்டியைக் கழுவலாம் என்று ஓட்டையின் அடைப்பைப் பிடுங்கினான். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூடியைத் திறந்தான். ஐஸ் போட்டபடி இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. நடுவில் ஒரு குழி, தோள் அகலத்தில் தொடங்கி இடுப்பில் ஒடுங்கி, குதிகால்கள் பதிந்த இரண்டு பள்ளங்களோடு முடிந்தது. ரெமி உளியால் கொத்தி அதைச் சமமாக்கினான். மறுநாள் காலையில் குழி இருந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் போய்க் கொத்திச் சமமாக்கி, மேலே ஒரு சாக்கை விரித்துவிட்டு வருவதை அவன் வேலையாக வைத்துக்கொண்டான். முழங்கால் வலி என்று சொல்லிக் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

ஆச்சரியப்பட எங்கள் ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அது கத்திரி வெயிலின் கடைசி. செத்தவர் படுத்த ஐஸ் என்று முதல் வாரம் கூசினார்கள். இரண்டாவது வாரம் வெப்பம் நூற்றெட்டைத் தொட்டது, கூச்சம் போய்விட்டது. காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையின் நெற்றியில் வைக்க முதல் துண்டை வாங்கிப் போனார்கள், காய்ச்சல் இறங்கியது, துண்டு அப்படியே இருந்தது, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்பத் கடை இஞ்ஞாசி ஆறு துண்டு வாங்கி அதை வைத்தே கோடை முழுவதையும் ஓட்டினார். குடித்து முடித்ததும் துண்டைத் தம்ளரில் விட்டுவிட வேண்டும், வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியவர்களை அவர் வீடுவரை துரத்திப் போய்த் துப்ப வைத்தார். பங்குச் சாமியார் இதைக் கடவுள் செய்த புதுமை என்று சொல்வதா கூடாதா என்று தனக்கு மேலே உள்ள மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை பல்வலிக்கு ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பதில் வரவில்லை. ஐஸ் ஆலைக்காரர் ஒரு வாரம் தெருவில் நின்று சண்டை போட்டார், பிறகு தன் வீட்டுக்கும் ஒரு துண்டு கேட்டு ஆள் அனுப்பினார்.

அந்த ஐஸின் முழுக் குணம் தெரிந்தது ஆடி மாதத்தில்தான். உறைமோர் விட்டால் பால் முழுக்கத் தயிராவது போல, இந்தத் துண்டு ஒன்றை ஒரு பெட்டியில் போட்டால் அந்தப் பெட்டியில் உள்ள ஐஸ் எல்லாமே கரையாமல் நின்றுவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஊரில் நல்ல பெட்டி, கெட்ட பெட்டி என்ற பேச்சே போய்விட்டது. ஆசாரியின் தகரப் பெட்டியும் நீலப் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. மணலில் பெட்டிகளை வைத்துக்கொண்டு பகலெல்லாம் குந்தியிருந்தவர்கள் ரெமியின் வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். எடுக்க எடுக்க அது குறைந்ததாகவும் தெரியவில்லை. சாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று நாளில் திரும்ப வேண்டியவர்கள் ஐந்து நாள் இருந்து நிறைய மீனோடு வந்தார்கள். பிறகு எட்டு நாள் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம், ஐஸ்தான் இருக்கிறதே என்று பன்னிரண்டு நாள், பதினேழு நாள் இருந்தார்கள், டீசலையும் அரிசியையும் எதிரே வருகிற படகில் வாங்கிக்கொண்டு, கரையை நினைக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்து, ஐஸ் இருப்பதைக் கண்டு, மறுபடி வலையை வீசினார்கள். வீட்டில் உமிச்சட்டிகள் காய்ந்து கிடந்தன. பெண்கள் தினமும் கையை விட்டுப் பார்த்தார்கள், உமி சலசலவென்று உலர்ந்து இருந்தது. உமி நனையாமல் உலை வைக்க முடியாது என்பதால் ஆண்கள் சொல்லாமல் வந்து நின்றபோது வீட்டில் சோறு இல்லாமல் போனது. வந்தவர்களும் பேச்சுக் குறைந்தவர்களாக, கை சில்லென்று இருப்பவர்களாக, நின்றுகொண்டே ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்களாக ஆனார்கள். இருபத்து மூன்று நாள் கழித்து வந்த ஒருவனைக் கண்டு அவன் மகள் அழுது அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவன் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை, வருத்தப்படவுமில்லை, அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அடுத்த வருஷம் வைகாசி பிறந்தபோது கடற்கரையில் படகே இல்லை, கஸ்பாரின் படகைத் தவிர.

ரெமி அந்த வெற்றுக் கடற்கரையை நாள்தோறும் பார்த்தான். கடலில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் தன் வார்த்தைதான் உறைந்து கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று அக்கா வீட்டுக்குப் பலமுறை போனான். அடுப்பங்கரைச் சுவரில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்று யோசித்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். அவன் பயந்தது அவள் தன்னைக் கைவிட்டுவிடுவாள் என்றும்தான், அதை அவன் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

ஆண்டு முடிகிற வாரம் வந்தது. மரச் சிலுவையை எடுத்துவிட்டு சிமெண்டுச் சிலுவை வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கித்தேரி ரெமியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் போனபோது அவள் நெத்திலிக் கருவாட்டைச் சுளகில் போட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கொத்தன் வந்துட்டுப் போனான். சிலுவையில நாளோட மணியும் எழுதலாம்னு சொல்லுதான். காலையிலன்னு சொன்னியே, அது விடியவா, வெயிலு ஏறுன பெறவா?"

ரெமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்னல முழிக்க? பக்கத்துல நீதான இருந்த." அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு மூலையில் இருந்த சட்டியைக் காட்டினாள். "இதுக்கும் ஒரு பதிலு சொல்லு. ஊருல உள்ள சட்டியெல்லாம் ஒம் பெட்டி ஐஸால கரையல, சரி. எஞ் சட்டி அதுக்கும் முன்னாலயே கரையல. அவரு குடுத்துட்டுப் போன துண்டு அப்பிடியே கெடக்கு. ஆளப் பொதைச்சாச்சி, இந்தச் சட்டி மட்டும் அவரு இன்னும் திரும்பலன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. ஒரு வருசமா நான் எத நம்புவேன்?"

"வியாழக்கெழம இல்லக்கா" என்றான் ரெமி.

"என்ன இல்ல?"

"மச்சான் போனது. செவ்வாக்கெழம. மத்தியான மணி அடிக்கிற நேரம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான், தண்ணீர் கேட்டதை, தம்ளரோடு திரும்பியதை, மீன் வந்ததை, தொம்மை கத்தியை எடுத்ததை, தான் பெட்டியைத் திறந்து பார்த்ததை. கித்தேரி அவனைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதங்கெழம நான் பூ வச்சிருந்தேன்" என்றாள்.

"யக்கா..."

"சிரிச்சிக்கிட்டு நிக்கேன் பாரு. அவரு ஐஸுல கெடக்காரு, நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கேன். ஒரு வருசமா இதப் பாத்துப் பாத்துத்தாம் நான் தூங்குதேன்."

"ஐஸு ரெண்டு நாளு தாங்கும்னு ஒரு வார்த்த சொன்னேன்க்கா. அவ்வளவுதான்."

"நீ சொன்ன. அத ஐஸு கேட்டுக்கிட்டுது. இன்னும் தாங்குது."

கருவாட்டை ஒரு பூனை வந்து இழுத்துக்கொண்டு போனது, இருவரும் விரட்டவில்லை.

"செத்த உடம்பத் தனியா விடலாமா?" என்று கேட்டாள். "செத்த எலிக்குங்கூட நம்ம தெருவுல நாலு பேரு வந்து நிப்பாவ. அந்த ரெண்டு நாளும் அவரு பக்கத்துல யாரு இருந்தா?"

"நாங்க வல இழுத்துக்கிட்டு இருந்தோம்."

"அப்ப யாரும் இல்ல." அவள் எழுந்து கையைக் கழுவினாள். "அந்த ரெண்டு நாளும் எனக்குள்ளது. கொண்டா. பெட்டிய வீட்டுக்குக் கொண்டா."

ஆண்கள் இல்லாத ஊரில் பெட்டியைத் தூக்கப் பெண்கள்தான் வந்தார்கள். ரெமியோடு எட்டுப் பெண்கள், கிழவர் இஞ்ஞாசி, கஸ்பார் போன ஒரே மாதத்தில் கடலை விட்டுவிட்டு மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்ட தொம்மை. கித்தேரி நேராகக் கோயிலுக்குப் போய் உபதேசியாரிடம் துக்க மணி அடிக்கச் சொன்னாள்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவருக்குத்தாம் போன வருசமே அடிச்சாச்சே."

"அது வியாழக்கெழமைக்கு அடிச்சது. இது செவ்வாக்கெழமைக்கு."

உபதேசியார் நாற்பது வருஷமாக மணி அடிக்கிறவர், இதற்கு முறை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்து, இல்லை என்பதற்கும் முறை எதுவும் இல்லை என்று கண்டு, கயிற்றைப் பிடித்தார். மத்தியான மணிக்கும் துக்க மணிக்கும் நடுவில் ஊர் ஒரு நிமிஷம் குழம்பி நின்றது, பிறகு எல்லாரும் கித்தேரியின் வீட்டுக்கு நடந்தார்கள்.

நடுவீட்டில் பெட்டியை வைத்து மூடியைக் கழற்றினார்கள். கித்தேரி சாக்கை எடுத்தாள். அன்று காலையில் ரெமி கொத்திச் சமமாக்கிய இடத்தில் குழி இருந்தது. நாங்கள் அப்போதுதான் அதைப் பார்த்தோம். வாங்கிக் குடித்த சர்பத்தும் நெற்றியில் வைத்த துண்டும் ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கித்தேரி குழியில் தோள் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுக்காமலே அழத் தொடங்கினாள். போன வருஷம் அடக்கத்தின்போது அவள் இப்படி அழவில்லை, அன்று எல்லாவற்றையும் அவசரமாக முடித்திருந்தார்கள். பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், கட்டங்காப்பி கொடுத்தார்கள், ஒருவர் எழுந்தால் இன்னொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ரெமி வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை. அன்று சாயந்தரம், பெட்டியின் ஓட்டையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது.

புதன்கிழமை காலை கித்தேரி சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினாள். அதை உடைக்கப் போகிறாள் என்று நினைத்து பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள். கித்தேரி அவள் கையை விலக்கிவிட்டு, படத்தைக் கொண்டுபோய்க் குழியில் தலை இருந்த இடத்துக்கு மேலாக, முகத்தைப் பார்க்கிறாற்போலப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் எப்பிடி இருந்தேன்னு நீங்க பாக்கவே இல்லியே" என்றாள். "பாத்துக்கிடுங்க. நீங்க எடுத்துத் தந்த பச்சச் சேலதான்."

கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். அவளுக்குக் கை ஓய்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப் பிடித்தாள், பிறகு அடுத்தவள் பிடித்தாள், பொழுது சாயும்வரை ஊர்ப் பெண்கள் முறை வைத்து அந்தப் பூ வைத்த சிரிப்பை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இப்போது ஒழுக்காக வடிந்து, வாசல்படி தாண்டி, ரெமி உட்கார்ந்திருந்த இடத்தை நனைத்துத் தெருவில் இறங்கியது. அவன் நகர்ந்து உட்காரவில்லை. தெருவில் போனவர்கள் அந்தத் தண்ணீரைத் தாண்டாமல் சுற்றிப் போனார்கள்.

அதே நேரத்தில் கடலில், முப்பது படகுகளில், மூடியைத் திறந்து பார்த்தவர்கள் ஐஸ் மிதப்பதைக் கண்டார்கள். தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்டவர்கள் மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். ஒருவனுக்கு மகளின் பெயர் ஞாபகம் வந்ததாம், ஒருவனுக்குத் திடீரென்று பசித்ததாம். வலையை அரைகுறையாக இழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் முகத்தைக் கரைக்குத் திருப்பினார்கள்.

வியாழக்கிழமை மத்தியான மணி அடித்தபோது பெட்டியில் குழி மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதைச் சுற்றி இருந்ததெல்லாம் போய், தோளும் முதுகுமாக ஒரு மெல்லிய ஏடு. மணி முடிவதற்குள் அதுவும் தண்ணீரானது. கித்தேரி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். சட்டியைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்து உமிக்குள் கையை விட்டாள். கை ஈரமாக வந்தது. ஒரு வருஷமாக அவள் மனதில் கடலில் நின்றுகொண்டிருந்த படகு திரும்பிவிட்டது. அவள் அடுப்பை மூட்டினாள். உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, புளி கரைத்து, மீன் இல்லாததால் கருவாட்டையே குழம்பாக்கி, கஸ்பாரின் தட்டில் சோற்றைப் போட்டு, கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, அதைத் தானே சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒவ்வொரு வீடாகக் கூரைக்கு மேல் புகை எழுந்தது, இருட்டுவதற்குள் முப்பது படகுகளும் கரையேறின. சிமெண்டுச் சிலுவையில் கொத்தன் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதினான்.

கித்தேரி ரெமியோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. அவன் வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் கவிழ்த்துப் போட்டான், இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது, அதன் மேல் வலை காயப் போடுகிறார்கள். சனிக்கிழமை அவன் மறுபடி கடலுக்குப் போக முடிவு செய்து, காலைப் பூசை மணிக்கு ஐந்து பெட்டிகளை வரிசையாக வைத்து ஐஸ் போட்டு மூடினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு நடப்பதால் ஊர் முழுக்க வந்து குந்தியிருந்தது. தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், ஓட்டையைப் பற்றி இரண்டு பேர் புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மாலை மணி அடித்து மூடிகளைத் திறந்தபோது கித்தேரி வந்தாள். யாரையும் பார்க்காமல் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். முனை மழுங்காத கட்டி இருந்த புதுப் பெட்டியைக் கடந்தாள். பாதிக் கட்டி இருந்ததைக் கடந்தாள். கடைசியில் ஆசாரியின் தகரப் பெட்டிக்கு முன்னால் நின்று, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"இத வாங்கு" என்றாள்.

ரெமி அவள் தன்னிடம் பேசிவிட்டாள் என்பதை நம்ப முடியாமல் நின்றான். "யக்கா, இது ரெண்டு நாளுகூடத் தாங்காது."

"தெரியும்" என்றாள் கித்தேரி. "ரெண்டாம் நாளு நீ வீட்டுல இருக்கணும்."

திங்கள் விடியலில் அவன் பலகைப் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் புது உமி போட்ட சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். அவன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் சட்டியை நீட்டினாள்.